ஆயுத பூஜைக்குக் கல்லைக் குளிப்பாட்டின கதை

எனக்கு ஒரு வியாதி கீது. சும்மா இருன்னு சொன்னா கை அரிக்கும். அந்த அரிப்புல ஒரு தபா, மூணு வருஷப் படிப்பை பக்கெட்ல முக்கி எடுத்தேன். என் படிப்பு இல்ல (அதை பத்தாவதுலயே முக்கிட்டேன்). நசீமா அக்கா படிப்பு.

அக்காவுக்கு பூந்தமல்லி. வேலப்பன்சாவடி பக்கம் ஒரு காலேஜ்ல டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணிகினு இருந்தாங்க. அவங்க லேப்ல எனக்கு கூட்ற வேலை, தொடைக்கிற வேலை, கேக்காமலே கருத்து சொல்ற வேலை.

ஆராய்ச்சி இன்னான்னா, களிமண்ணு அடுக்கடுக்கா படிஞ்சு இறுகிப்போன கல்லு. ஷேல்னு பேரு. பூமிக்குள்ள ஆழமா துளை போட்டு எடுத்தது. அதுல மூணு துண்டு, டார்ச் லைட் பேட்டரி சைசுல. ஒரு பக்கம் சத்தம் அனுப்பி, அந்தப் பக்கம் எவ்ளோ வேகமா வருதுன்னு மெஷின்ல பாப்பாங்க.

"அடுக்கு போற திசையில அனுப்பினா சர்னு போகும் பாபு. அடுக்கைக் குறுக்க தாண்டணும்னா மெதுவாத்தான் போகும். உள்ள களிமண்ணு ஏடு ஏடா படுத்திருக்குல்ல, அதான்."

"எங்க நைனா மாதிரிக்கா. எங்கம்மா சைடுலருந்து சொன்னா சர்னு போவும். என் சைடுலருந்து சொன்னா பாதியிலயே படுத்துக்கும்."

அக்கா சிரிச்சுட்டாங்க. அன்னிலருந்து நான் பாதி சயின்டிஸ்ட்.

ஆயுத பூஜை வந்துச்சு. அக்கா லீவுல ஊட்டுக்குப் போயிருந்தாங்க. லீவு முடிஞ்ச ரெண்டாம் நாள், வெளியூர்லருந்து வர்ற புரொபசர் முன்னாடி அந்தக் கல்லை மெஷின்ல வெச்சு காட்டணும். இல்லாங்காட்டி இன்னொரு வருஷம் போச்சு.

நான் மெஷினைத் தொடச்சு பொட்டு வெச்சேன். அப்புறம் கல்லைப் பாத்தேன். ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. (அறுக்கும்போது தண்ணி ஊத்தாம எண்ணெய்தான் ஊத்துவாங்க. தண்ணிப் பஞ்சம்னு நெனச்சேன், செம்பரம்பாக்கம் ஏரியைப் பக்கத்துல வெச்சுகினு!) கல்லு வெச்சிருந்த டப்பா மேல இங்கிலீஷ்ல செவப்பா ஒரு சீட்டு. படிக்கத் தெரியல. அதுக்கும் ஒரு பொட்டு வெச்சேன்.

மூணையும் பக்கெட் தண்ணில போட்டுட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா, டீயில வுட்ட பிஸ்கட் மாதிரி ஊறி, ஏடு ஏடா பிரிஞ்சு கீது.

நான் இன்னா பண்ணேன்? பசை தடவி அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, விரிசல் தெரியாம சந்தனத்தை அப்பிட்டேன்.

லீவு முடிஞ்சு அக்கா வந்தாங்க. "ஏன்டா இவ்ளோ சந்தனம்?"

"மங்களகரமா இருக்கட்டும்க்கா."

தொட்டாங்க. பொலபொலன்னு கொட்டிச்சு.

"தண்ணில போட்டியா?"

"குளிப்பாட்டினேன்க்கா."

"களிமண்ணுடா அது!"

அடிச்சிருந்தாக்கூட பரவால்ல. ஸ்டூல்ல உக்காந்து, கொட்டின ஏட்டை ஒவ்வொண்ணா பொறுக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம், "அறுத்தது போக மிச்சத் துண்டு ஒண்ணு அலமாரில வெக்கச் சொன்னேனே, எங்கடா?"ன்னாங்க.

அது இன்னொரு கதை. தேங்கா சைசுல அழகா கீதேன்னு எப்பவோ தூக்கினு போய்ட்டேன். வெள்ளானூர்ல எங்க ஊட்டு வாசக்கதவு சாத்திக்காம முட்டுக்குடுத்துகினு இருந்துச்சு.

பறந்தேன். கல்லு நல்லாத்தான் கீது. எங்கம்மா ஊடு தொடைக்கும்போதெல்லாம் அதைத் தூக்கி பெஞ்சு மேல வெச்சிடுமாம். ஸ்கூல் பக்கமே போகாத எங்கம்மா காப்பாத்தி வெச்சிருக்கு!

"கதவுக் கல்லை எங்கடா தூக்கினு போற?"ன்னாரு நைனா.

"அக்கா டாக்டர் ஆவணும் நைனா."

"அதுக்கு என் கதவு சாத்திக்கணுமா?"

அன்னிக்கே அக்கா அதுலருந்து புதுசா மூணு துண்டு அறுத்தாங்க, எண்ணெய் ஊத்தி. என்னை வாசப்படி தாண்ட வுடல. மறுநாள் புரொபசர் முன்னாடி சத்தம் ஒழுங்கா போச்சாம், ஒரு பக்கம் வேகமா, ஒரு பக்கம் மெதுவா. இப்ப அக்கா டாக்டர்.

எங்க ஊட்டு கதவுதான் பாவம். காத்தடிச்சா டமால்னு சாத்திக்கும். உடனே உள்ளருந்து நைனா, "யாரு, டாக்டரம்மாவா? வாங்க வாங்க!"ம்பாரு. அம்மா சிரிச்சு சிரிச்சு பொறையேறும்.

வேற கல்லு கொண்டாரேன்னு எத்தினியோ தபா சொல்லிட்டேன். நைனா ஒத்துக்கவே மாட்டேங்கிறாரு.

"வேணாம்டா. நீ கழுவிடுவ."