தானியேலுக்கு ஒரு பதலி

பொன்னுக்கு வீங்கி வந்து தானியேலின் இரண்டு கன்னமும் உப்பிக் கிடந்தன. அவன் அப்பா ஆசீர்வாதம் மேஸ்திரிக்கு அதுகூடப் பெரிதில்லை. நாளை மறுநாள் வேலூர்க் காலேஜில் கடைசி ட்ரில் வகுப்பு! அதில் நிற்காவிட்டால் இன்டர்மீடியட் பரீட்சையில் உட்கார விடமாட்டார்களாம்.

"ரசாயனம் படிக்கிற புள்ளைக்குக் குதிக்கிறது எதுக்கு?" என்று அவர் தோல் பதனிடும் ஆம்பூர் தோல் ஷாப்பில் ஒருவர் விடாமல் கேட்டார். எந்தப் பாடம் எடுத்தாலும் இங்கிலீஷ், இரண்டாம் பாஷை, ட்ரில் மூன்றும் எல்லாருக்கும் பொது என்று சர்வகலாசாலை சொல்லிவிட்டது. யார் என்ன செய்ய முடியும்?

மகன் தேறிவிட்டால், தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் கைவிடாத முதல் ஆள் அவர் பரம்பரையில் அவன்தான். அதுவும் எப்பேர்ப்பட்ட பிள்ளை! ட்ரில்லுக்கு ஒரு நாள்கூடத் தவறாதவன் என்று காலேஜே கடிதம் எழுதியிருந்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருந்தார்.

சட்டென்று யோசனை உதித்தது. தோல் ஷாப்பில் ஒருவன் படுத்துவிட்டால் தனக்குப் பதிலாக இன்னொருவனை அனுப்புவான். அவன்தான் பதலி. முதல் நாளே மேஸ்திரியிடம் ஆளைக் காட்டிவிட்டால் போதும், பேர் அடிபடாது.

"தானியேலு, நம்ம ஷாப்பு சின்னசாமிய உனக்குப் பதலியா இட்டுனு போறேன்!"

தானியேல் பதறி எழுந்து இரண்டு கைகளையும் ஆட்டினான். வாயைத் திறக்க முடியவில்லை. "ம்ம்! ம்ம்!" என்றான்.

அப்பாவுக்குச் சிரமம் வேண்டாமென்கிறான், தங்கமான பிள்ளை! மேஸ்திரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுநாளே வேலூரில் ட்ரில் மாஸ்டர் வேதாசலத்தின் முன் ஆளை நிறுத்தினார்.

"புள்ளைக்கு உடம்பு சரியில்லீங்க. இவன் பதலி. எட்டு ஈரத்தோலை ஒண்டியாத் தூக்குவான்."

"பதலியா? இன்னாய்யா, இது காலேஜா, தோல் ஷாப்பா? டாக்டர் சீட்டு கொண்டாந்திருந்தா லீவே குடுத்திருப்பேன்!"

எப்படியாவது சரிக்கட்ட வேண்டுமே! மேஸ்திரி சின்னசாமிக்குக் கண்காட்டினார். அவன் பாய்ந்து போய் மைதானத்துக் குறுக்குக் கம்பில் தொங்கினான். கம்பு மளுக்கென்று முறிந்தது.

"நாளைக்கு நிஜத் தானியேல் வரிசைல நிக்கணும்!" என்று வேதாசலம் கத்தினார். "இல்லன்னா வருஷம் பூரா போட்ட அட்டெண்டன்ஸையும் அடிச்சுடுவேன்!"

மறுநாள் முதல் பஸ்ஸில் தானியேலை ஏற்றினார். தலையைச் சுற்றி மப்ளர், கழுத்தில் வீக்கம் வடிய அம்மா போட்ட தங்கச் சங்கிலி. பஸ் நின்ற இடமெல்லாம் அவன் இறங்கி ஓடப் பார்த்தான்.

"பயப்படாதடா, நான் இருக்கேன். நீ பட்ட பாடெல்லாம் வீணாவலாமா?" என்று மேஸ்திரி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மைதானத்தில் அப்போதுதான் வரிசை நின்றது. நேரத்துக்கு வந்துவிட்டார்கள்! மகனைத் தள்ளிக்கொண்டு ஓடினார். அவனோடு வேலூரில் ஒரே அறையில் தங்கி, பீடி மண்டியில் வேலை பார்க்கும் ஜியாவுதீன் முன்வரிசையில் நின்றிருந்தான். இவர்களைப் பார்த்ததும் ஏனோ குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான்.

"ஐயா, இதோ என் புள்ள! நிஜத் தானியேல்!"

வேதாசலம் மப்ளரையும் சங்கிலியையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜியாவுதீனின் தோளில் கைவைத்தார்.

"யோவ் மேஸ்திரி, இன்னிக்கும் பதலியா? ஒரு நாள்கூடத் தவறாத தானியேல் இதோ நிக்கிறானே!"