சரிவு என்றால் சரிவுதான்

“ஏணி விக்கிற கம்பெனியோட ஆண்டு மலர்ல சரிவா? முதல்ல அந்த வார்த்தையை அடிச்சுடுங்க,” என்றார் மேலாளர்.

மலருக்குப் பிழை திருத்துகிறவளை அலுவலகமே பிழையக்கா என்றுதான் கூப்பிடும். அவள் கையில் இருந்த துண்டுச் சீட்டில் ஒரே வரி: ‘சென்ற ஆண்டைவிட நாற்பது விழுக்காடு சரிவு.’ தலைப்பு அச்சகத்தில் சேரும் என்று சொல்லிக் குமாஸ்தா வைத்துவிட்டுப் போயிருந்தார். விற்பனையைத் தவிர வேறு எது சரியப்போகிறது?

“ஏறினா ஏணி சரியும்னு நினைப்பாங்க,” என்றார் மேலாளர்.

“வீழ்ச்சின்னு போடவா சார்?”

“ஆளே விழுந்துடுவான்னு சொல்லிடுங்களேன்.”

“இறக்கம்?”

மேலாளர் யோசித்தார். ஏணியில் இறங்குவது நல்ல விஷயம்தானே. தலையை ஆட்டினார். தட்டச்சாகி வந்தபோது அது ‘நாற்பது விழுக்காடு இரக்கம்’ என்று இருந்தது.

“ஊரே நம்மளப் பாத்துப் பரிதாபப்படுதாம்மா?”

“வல்லின ற போட்டா சரியாயிடும் சார்.”

“ஒரு றவும் வேணாம். உயர்வுன்னு போடுங்க.”

பிழையக்கா பேனாவை மூடினாள். “மாட்டேன்.”

“வேலை வேணுமா, வேணாமா?”

வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். ஆனால் கோபம் பயத்தைவிட முந்திக்கொண்டது.

“வேணும் சார். பதினெட்டு வருஷமா பிழையைத் திருத்துறேன். பிழையைப் பண்ணச் சொன்னா கை வராது. சரிவுன்னா சரிவுதான்.”

மேலாளரே பேனாவைப் பிடுங்கி, சீட்டில் சரிவை அடித்துவிட்டு ‘வரலாறு காணாத உயர்வு’ என்று எழுதினார். “நாளையோட கணக்கை முடிச்சுக்குங்க.”

“முடிச்சுக்கிறேன். பக்கத்துல உங்க கையெழுத்தையும் போடுங்க. இந்தப் பிழை என் தலையில விழக் கூடாது.”

அவர் முறைத்துக்கொண்டே போட்டார்.

மறுநாள் மலர் வெளியீட்டுக் கூட்டத்தில் வாடிக்கையாளர்கள் மலரைப் புரட்டினார்கள். ஒருவர் பின் ஒருவராக நாற்காலியை விட்டு எழுந்தார்கள். முதலாளியின் முகம் கறுத்தது.

“யார் எழுதினது இது?”

மேசையைக் காலி செய்ய வந்த பிழையக்கா, மேலாளர் கையெழுத்துப் போட்ட சீட்டை நீட்டினாள். மேலாளர் குமாஸ்தாவைத் தேடினார்.

“யோவ், விற்பனை உயர்ந்திருக்குன்னுதானே போட்டோம். எதுக்கு எல்லாரும் ஓடுறாங்க?”

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“விற்பனைப் பக்கம் வேற சார். இது, நம்ம ஏணியிலேருந்து கீழ விழுந்தவங்க எண்ணிக்கை.”