இருபத்து மூன்றாவது பிரியாவிடை

"டர்ர்ர்!"

மேடையின் முதல் படியில் காலை வைத்ததுமே சத்தம் கேட்டது. வெண்டல் பின்பக்கம் தடவிப் பார்த்தார். ஜார்ஜ் வாஷிங்டனின் கால்சட்டை ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருந்தது.

"ஓப்பலக்கா! மானம் போகுது, ஓடி வாங்க!"

ஊரின் வேஷ உடுப்பெல்லாம் தைப்பவர் ஓப்பல். "ஐயையோ, நேத்துத்தானே தைச்சேன்! ஊசி வீட்ல கிடக்கே தம்பி. இப்போதைக்கு இதை வச்சு ஒப்பேத்து" என்று இரண்டு ஊக்குகளைக் குத்திவிட்டார்.

வாஷிங்டன் பதவியை விட்டுப் போகும்போது எழுதிய பிரியாவிடை உரையை, அவர் பிறந்த நாளன்று அந்த வர்ஜீனியா ஊர்ச் சதுக்கத்தில் ஒருவர் வேஷம் கட்டிப் படிப்பார். படித்து முடித்ததும் வாளை அடுத்த வருடத்து வாஷிங்டனிடம் கொடுக்க வேண்டும். முன்பு ஹார்லன் என்பவர் வெகுகாலம் படித்தார். திடீரென்று ஒரு வருடம் வாளை வெண்டலிடம் கொடுத்துவிட்டு, தொப்பியை இடுப்புக்குப் பின்னால் பிடித்தபடி கம்பீரமாக இறங்கிப் போனார். என்ன பெருந்தன்மை என்று ஊரே உருகியது. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடமாக வெண்டல் வலக்கையால் வாளை நீட்டி, இடக்கையால் தானே வாங்கிக்கொண்டு வந்தார்.

இந்த வருடம் சரித்திர டீச்சர் டோரீன் போட்டிக்கு வந்துவிட்டாள். பாதி ஊர் அவள் பக்கம். இன்று அமர்க்களமாகப் படித்து எல்லோர் வாயையும் அடைத்துவிட வேண்டும் என்று வெண்டல் துடித்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க ஜெனரல்!" என்றார் மேயர்.

உட்கார்ந்தார். ஊக்கு சுருக்கென்று ஏறியது. "ஆ!" என்று துள்ளி எழுந்தார். உரை ஆரம்பித்துவிட்டதென்று கூட்டம் கைதட்டியது. பழக்கதோஷத்தில் குனிந்து வணங்கினார்.

"டர்ர்ர்!"

ஊக்குகள் போன இடம் தெரியவில்லை. அப்படியே பின்னால் நகர்ந்து கொடிக்கம்பத்தில் ஒட்டிக்கொண்டார். படித்தும் முடித்தார். ஆனால் இறங்க வேண்டிய படி மேடையின் பின்பக்கம் இருந்தது. திரும்பினால் தீர்ந்தது கதை. இன்னும் கொஞ்சம் இழுத்தால் பிப்ரவரிக் குளிருக்குப் பயந்து கலைந்துவிடுவார்கள் என்று காகிதமில்லாமலே பேசினார்.

"சண்டையில ஜெயிச்சாச்சு. பட்டாளம் முழுக்க அவர் கையில. ராஜாவாகுங்கன்னே ஒருத்தன் எழுதினான். மனுஷன் திட்டித் தீர்த்துட்டார்! பதவியைத் திருப்பிக் கொடுத்துட்டு வயலைப் பார்க்கப் போயிட்டார்!"

"அந்த வயல்ல அடிமைங்க இருந்தாங்களே, அதையும் சொல்லுங்க!" என்றாள் டோரீன்.

"இருந்தாங்கம்மா. அது அவர்மேல இருக்கிற கறைதான், மறைக்க மாட்டேன். ஆனா மறுபடி கூப்பிட்டு ஜனாதிபதி ஆக்கினாங்க. ரெண்டு தவணை. இன்னும் இருங்கன்னு கெஞ்சினாங்க. போதும்னுட்டார்! நாற்காலியைப் பிடிக்க ஆயிரம் பேர் இருக்கான். எழுந்து போறதுக்குத்தான் ஆம்பளை வேணும்…"

"பொம்பளையும்தான்!" என்றது கூட்டம்.

ஒருவர்கூட நகரவில்லை. கடைக்காரர்களும் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

தான் சொன்னதே வெண்டலைச் சுட்டது. வாஷிங்டனுக்கு எட்டு வருடம் போதுமாக இருந்தது. எனக்கு இருபத்திரண்டு போதவில்லையே! வெட்கம் பிடுங்கித் தின்றது. கால்சட்டைக்காக அல்ல.

"டீச்சர், மேல வாம்மா" என்றார். "இந்தா, வாளைப் பிடி. அடுத்த வருஷம் நீதான் வாஷிங்டன்."

தொப்பியைக் கழற்றி, ஹார்லனைப் போலவே இடுப்புக்குப் பின்னால் பிடித்தபடி இறங்கினார். சதுக்கம் அதிர்ந்தது. மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விருந்தில் செர்ரிப் பழ கேக் துண்டை ருசித்துக்கொண்டே, "உங்க தையல் பிரிஞ்சதும் நல்லதுக்குத்தான் அக்கா" என்றார் வெண்டல். "ஹார்லன் மாதிரியே எனக்கும் தானா மனசு வந்துச்சு, பார்த்தீங்களா?"

டோரீனின் இடுப்பை அளந்துகொண்டிருந்த ஓப்பல் நிமிரவேயில்லை.

"ஹார்லனுக்கும் இதே இத்துப்போன நூல்லதான் தைச்சேன், தம்பி."