மாதாவுக்கு முன்னால் கழற்றிய சேர்ட்

வெளிநாட்டில் சேர்ட்டைக் கழற்றுவதற்கு முன்னர் ஒருதடவை சுற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஞானம் எனக்கு ஐம்பத்தாறாவது வயதில்தான் வந்தது. சிசிலித் தீவில் ஒரு மலைப்பாதையில், ஒரு பாண்ட் வாத்தியக் குழுவும், ஒரு பாதிரியாரும், ஏறக்குறைய முழு ஊரும், தேவமாதாவும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது.

அங்கே நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுவிஸில், எம்மன்புரூக்கே என்ற ஊரில் நான் வேலை செய்யும் இரும்புத் தொழிற்சாலையில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதர் சல்வத்தோரே. அவருடைய ஊரில் அவரைத் துரி என்பார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எங்கள் வீட்டில் அவர் துரியண்ணை. முப்பது வருடமாக ஒரே இயந்திரத்தின் இரண்டு பக்கத்திலும் நின்றோம். அவருக்கும் ஜெர்மன் சரியாக வராது, எனக்கும் வராது. அதனால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். (அவர் இந்தக் கதையில் என்னோடு பேசுவதெல்லாம் ஜெர்மன் மாதிரியான ஒன்று. எனக்கு விளங்கியபடி என் தமிழில் எழுதுகிறேன்.)

காலைத் தேநீர் இடைவேளையில் அவர் எப்போதும் ஒரே கதைதான் சொல்வார். அவருடைய ஊர் மாதா மே மாதம் முதல் ஞாயிறு மலையுச்சிச் சிற்றாலயத்துக்கு ஏறுவார். கோடை முழுவதும் மேலே இருந்து வயல்களைப் பார்த்துக்கொள்வார். செப்டெம்பரில் இறங்குவார். பதினாறு ஆண்கள் தோளில் சுமப்பார்கள். துரியண்ணை மூன்று வருடம் சுமந்துவிட்டு, இருபத்தொரு வயதில் வேலை தேடிச் சுவிஸுக்கு வந்தவர். தொழிற்சாலை விடுமுறை யூலையில். மாதாவோ மேயிலும் செப்டெம்பரிலும் மட்டும்தான் நடமாடுவார். ஆகவே நாற்பத்துநாலு வருடமாக அவர் ஊருக்குப் போகும்போதெல்லாம் மாதா மலையில் இருந்தார், சுமப்பவர்களுக்குள் அவருடைய இடத்தில் வேறொருவர் இருந்தார்.

அவர் ஒரு மாதா சொன்னால் நான் ஒரு அம்மன் சொல்லாமல் இருப்பேனா? யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்த் திருவிழாவில் நான்தான் முன் கொம்பு (சாமி வாகனத்தைத் தோளில் தாங்கும் நீள மரத்தை நாங்கள் கொம்பு என்போம்) என்று அவிழ்த்துவிட்டேன். வேட்டியை மடித்துக் கட்டி, வெறும் மேலோடு, வியர்வை ஓட ஓட நாலு வீதியும் சுற்றினேன் என்றேன். துரியண்ணை கண்கலங்கக் கேட்பார்.

உண்மையில் நான் சுமந்தது தீவட்டிக்கு எண்ணெய் ஊற்றும் வாளி.

பென்சன் எடுத்துக்கொண்டு துரியண்ணை தீவுக்குத் திரும்பிப் போனார். முதல் வருடம் மாதாவுக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு நடந்தாராம். இரண்டாம் வருடம் ஏப்ரலில் தொலைபேசி எடுத்தார். (அவருடைய வாயில் என் பெயர் ஷீவா.)

"ஷீவா, அவை எனக்கு இடம் தந்திட்டினம். பாதி வழியிலயிருந்து உச்சிமட்டும். நீ வரவேணும்."

நான் மிச்சம் பிடித்து வைத்திருந்த லீவு நாட்களை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டேன். குடும்பம் என்றால் மனைவி சாந்தி, பக்கத்து நகரமான சூக்கில் வேலை பார்க்கும் மகள் மதுரா. பள்ளிக்கூடத்தில் இத்தாலியன் படித்தவள் என்பதால் மதுராதான் எங்கள் வாய்.

அந்த மலைப்பாதையை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெருஞ்சீரகம் காட்டுச் செடியாக வளர்ந்து இடுப்பளவு நின்றது. உரசிக்கொண்டு போனால் சாந்தியின் சமையலறை வாசம் வந்தது. வேலிக்கு நாகதாளி. திடீரென்று சாந்தி, "இஞ்சாருங்கோ, வடலி!" என்று கத்தினாள். பார்த்தால் உண்மையிலேயே முழங்கால் உயரத்தில் பனை மாதிரி ஒன்று, விசிறி ஓலையோடு, வளர மறந்துபோய் நின்றது. அதற்கு முன்னால் நின்று மூன்று பேரும் படம் எடுத்தோம். மதுராவுக்கு எங்களைப் பார்க்க வெட்கமாக இருந்தது, என்றாலும் அவளும் நின்றாள்.

ஒவ்வொரு வயல் ஓரத்திலும் ஊர்வலம் நின்றது. அந்த வயலுக்குச் சொந்தக்காரர் பச்சைக் கோதுமைக் கதிரோ, ஒரு கட்டு அவரையோ கொண்டுவந்து மாதாவின் காலடியில் வைப்பார். ஒருவர் தன் ஆடுகளையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஆடுகள் கோதுமையைச் சாப்பிட முயன்றன, யாரும் கோபிக்கவில்லை. எம்மன்புரூக்கேயில் நாங்கள் போகும் கோயிலில் அம்மன் சில்லு பூட்டிய வாகனத்தில் வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி வருவார். குறை சொல்லவில்லை, ஆனால் தோளுக்கு வேலையில்லை. ஊருக்கு ஒருமுறை திருவிழாவுக்கென்றே போனேன். "சுவிஸ் மாமா வந்திருக்கிறார்" என்று நிழலில் கதிரை போட்டு இருத்தி, சோடா உடைத்துத் தந்தார்கள். கொம்புப் பக்கம் போகவே விடவில்லை.

பாதி வழியில் ஒரு பெரிய கரூபா மரம் நிற்கிறது. புளியங்காய் மாதிரிக் காய் தொங்கும். அதன் நிழலில் மாதாவை மரத்தாங்கிகளில் இறக்கி வைத்து, சுமப்பவர்கள் ஆள் மாறுவார்கள். துரியண்ணை வெள்ளைச் சேர்ட்டும் தோளில் சின்னத் தலையணையுமாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி, முன் கொம்பில் தன் இடத்தில் போய் நின்றார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அப்போதுதான் பின் கொம்புக்காரர் ஒருவருக்குக் கால் பிரண்டது.

சுமப்பவர்களுக்குத் தலைவர் கலோஜெரோ என்று ஒரு ஆட்டுப் பட்டிக்காரர். கட்டையான மனிதர், மீசை பெரியது, பேச்சு குறைவு. தோளுயரம் பொருந்துகிற ஆளைத் தேடிக் கூட்டத்தைப் பார்த்தார். துரியண்ணை கையைத் தூக்கிக் கத்தினார், மதுரா எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"என்ர சிநேகிதன் ஷீவா! அவனும் தீவுக்காரன். அவன்ர ஊரில அவன் முன் கொம்பு. நான் பொறுப்பு!"

கலோஜெரோ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு இடுப்புப் பிடிப்பு," என்றாள் சாந்தி. எனக்கு இடுப்பு இருப்பதே மறந்துபோயிருந்தது. முப்பத்துமூன்று வருடம் காத்திருந்த தோள் அது. கைத்தொலைபேசியை அவளிடம் கொடுத்தேன். சப்பாத்தைக் கழற்றினேன். பிறகு, சாமி தூக்கப் போகிற எந்த யாழ்ப்பாணத்து மனிதனும் யோசிக்காமல் செய்வதைச் செய்தேன். சேர்ட்டைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த பெனியனையும் கழற்றி, சேர்ட்டை இடுப்பில் சால்வையாக இறுக்கிக் கட்டி, மாதாவைப் பார்த்துத் தலைக்குமேல் கைகூப்பினேன்.

பாண்ட் வாத்தியம் பாதிப் பாட்டில் நின்றது. ஒரு தாய் தன் மகளின் கண்ணைப் பொத்தினார். பாதிரியார் ஆகாயத்தைப் பார்த்தார். (என் மேலுடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. சுவிஸ் பனியில் முப்பது வருடம் மூடி வைத்திருந்த வண்டி அது. யாரும் ஆயத்தம் இல்லாமல் பார்க்கக்கூடிய பொருள் அல்ல.)

"நை, அப்பா, நை!" என்று மதுரா சுவிஸ் ஜெர்மனில் கத்தினாள். வேண்டாம் என்கிறாள் என்பது விளங்கியது. எதை வேண்டாம் என்கிறாள் என்பதுதான் விளங்கவில்லை. ஊரே வாயடைத்து நின்றதைப் பார்த்து, என் பக்தியில் எல்லோரும் உருகிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆகவே அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"அரோகரா!"

ஆடுகள் சிதறி ஓடின.

கலோஜெரோ மெதுவாக நடந்து வந்தார். என் இடுப்பில் இருந்த சேர்ட்டை அவிழ்த்தார். சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல ஒவ்வொரு கையாக நுழைத்துப் போட்டுவிட்டார். கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினார். கழுத்துப் பொத்தானையும் பூட்டினார். பிறகு துரியண்ணையிடம் இரண்டே வார்த்தை சொன்னார். துரியண்ணை தோளில் இருந்த தலையணையை எடுத்து இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் கொம்பைவிட்டு விலகினார்.

எனக்குப் பொறுப்பு நின்றவர் அல்லவா? பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

மிச்சப் பாதி மலையையும் நாங்கள் இரண்டு பேரும் ஊர்வலத்தின் கடைசியில், ஆடுகளோடு ஏறினோம். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "தண்ணி குடிக்கிறியோ?" என்று மட்டும் கேட்டார். நாற்பத்துநாலு வருடத்து ஆசையை ஒரு நிமிடத்தில் கெடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

உச்சியில் மாதாவை உள்ளே வைத்த பிறகு, எல்லோரும் புல்லில் இருந்து பச்சை அவரைக்காயை உரித்து ஆட்டுப்பாற்கட்டியோடு சாப்பிட்டார்கள். மதுரா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கலோஜெரோவுக்கு முன்னால் நிறுத்தினாள். துரியண்ணையும் பின்னால் வந்தார். எங்களுடைய கோயிலில் ஆண்கள் சேர்ட்டோடு சாமிக்கு முன்னால் போவதுதான் மரியாதைக் குறைவு, அப்பா மரியாதைக்காகத்தான் கழற்றினார் என்று அவள் இத்தாலியனில் சொன்னாள்.

கலோஜெரோ ஒரு அவரைக்காய் முழுவதையும் உரித்துச் சாப்பிட்டு முடித்தார்.

"குளிர் காலத்திலயுமோ?"

"ஓம். சுவிஸில ஸ்னோ கொட்டேக்கையும் கழட்டுறவர்."

"இவன்ர ஊரில உண்மையாவே இவன் முன் கொம்போ?"

"ஓம், முன் கொம்பு," என்றார் துரியண்ணை எனக்கு முன்பே.

அந்த மனிதர் மறுபடியும் எனக்குப் பொறுப்பு நிற்கிறார்! அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"மதுரா, சொல்லு. அப்பா முன் கொம்பில்லை. பின் கொம்பும் இல்லை. நான் எண்ணெய் வாளி தூக்கினனான். அடுத்த வருஷம் கொம்புக்கு வா எண்டவை. அடுத்த வருஷம் திருவிழா நடக்கேல்லை. நாங்கள் ஒருத்தரும் ஊரில இல்லை."

மதுரா ஒவ்வொரு வரியாக இத்தாலியனில் சொன்னாள். இந்த வாளிக் கதையை அவளும் அன்றுதான் முதன்முதலில் கேட்டாள்.

துரியண்ணை என் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷம், ஷீவா. வாளியோ?"

"ஓம். வாளி."

அவர் கையில் இருந்த அவரைக்காயை உரித்து, பாதி விதையை என் கையில் போட்டார். கலோஜெரோ எழுந்து காற்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டினார்.

"செப்டெம்பரில மாதா இறங்குவா. துரி முன்னுக்குத் தூக்கட்டும். இவன் பின்னுக்கு," என்று சொல்லி என் கழுத்தடியைச் சுட்டிக்காட்டினார். "பூட்டிக்கொண்டு."

அந்தச் செப்டெம்பரில் எனக்கு லீவு கிடைக்கவில்லை, மிச்சம் பிடித்ததெல்லாம் மேயில் தீர்ந்திருந்தது. ஞாயிறு காலை சமையலறை மேசையில் கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்துக்கொண்டு மூன்று பேரும் இருந்தோம். துரியண்ணையின் மருமகன் அங்கிருந்து நேரே காட்டினான். சிற்றாலய வாசலில் ஆட்கள் கொம்புக்குக் கீழே நின்றார்கள். துரியண்ணை முன்னால், முகம் சிவந்து. கலோஜெரோ கையை உயர்த்தினார். தூக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். தூக்கவில்லை. எல்லோரும் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய் மேல் பொத்தானைக் கழற்றினார்கள். அதற்குப் பிறகுதான் தூக்கினார்கள்.

பின்னேரம் துரியண்ணையைக் கூப்பிட்டேன்.

"அங்க அவ்வளவு வெக்கையோ?"

"இல்லை. அது உனக்கு. கலோஜெரோ சொன்னவன், அந்த மனிசன் முழுக்கக் கழட்டினவன், நாங்கள் ஒரு பொத்தானாவது கழட்டுவம் எண்டு. பின் கொம்பைப் பாத்தியோ? மொத்தம் பதினைஞ்சு பேர்தான். உன்ர இடத்தில ஒருத்தரையும் விடேல்லை."

நான் தொலைபேசியைச் சாந்தியிடம் கொடுத்துவிட்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் இது நிரந்தரப் பகிடி. கல்யாண வீட்டில் வெக்கைக்குக் கோட்டைக் கழற்றினாலே, "அப்பா, ஒரு பொத்தான் மட்டும்!" என்று நாலு மேசைக்குக் கேட்கும்படி மதுரா கத்துவாள். அவள் பார்த்துப் பேசியிருக்கும் பெடியனும் முதல் நாளே அதைச் சொன்னான். கதை எனக்கு முன்னால் போய்விடுகிறது.

செப்டெம்பரில் லீவு தரமாட்டார்கள், பென்சனுக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. இடுப்பு அதுவரை என் பேச்சைக் கேட்குமோ தெரியாது. ஆனால் எனக்குச் சொந்தமில்லாத ஒரு தீவில், எனக்குச் சொந்தமில்லாத ஒரு மாதாவுக்குக் கீழே, ஒரு தோள் அகலத்துக்கு எனக்கு இடம் வைத்திருக்கிறார்கள். என்னுடைய ஊரை நினைப்பதைவிட அந்த இடத்தை நான் இப்போது கூடுதலாக நினைக்கிறேன். சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு செப்டெம்பரிலும் மாதா இறங்கும் அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு பல்கனியில் போய் நின்று மேல் பொத்தானைக் கழற்றுவேன். எம்மன்புரூக்கேயில் அந்த நேரம் மூடுபனியாக இருக்கும், எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியாது.

"தடிமன் பிடிக்கும், பூட்டுங்கோ," என்று உள்ளேயிருந்து சாந்தி சொல்வாள்.

"கொஞ்சம் பொறும். மாதா இன்னும் கரூபா மரத்தடிக்கு வரேல்லை."