துரை வீட்டு வாசலில் நான் போட்ட பாதங்கள்

பண்டிகை ஒன்றுதான். வயசு ஏற ஏற அது வேறு வேறு பண்டிகை ஆகிவிடுகிறது. சிறுவனாக இருந்தபோது கிறிஸ்மஸ் என்றால், ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் வேலிக்கு வெளியே நின்று கை நீட்டினால் விழும் ஒரு பிடி மிட்டாய். கல்யாணமான வயசில், எலுமிச்சம்பழமும் மாலையுமாகத் துரையைக் கும்பிடப் போகும் நாள். இன்று என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். (இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுதுகிறேன். ராஜபாளையத்தில் எட்டு வண்டி வைத்திருப்பவன் எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.)

அப்போது எனக்கு இருந்தது ஒரே ஒரு மாட்டுவண்டி. அதிலும் ஒரு சக்கரத்தின் இரும்புப் பட்டா உடைந்து, போகிற வழியெல்லாம் பல் பதித்த மாதிரி தடம் விழும். செண்பகத்தோப்பு மூங்கிலை இறக்கும் குத்தகை யாருக்கு என்று காட்டிலாகாத் துரை கிறிஸ்மஸ் அன்று சொல்வதாக இருந்தார். எனக்கும் மைதீன் ராவுத்தருக்கும் போட்டி. குத்தகை தவறினால் என் மாடுகளை விற்க வேண்டியதுதான்.

ஊரே கொண்டுபோகிற எலுமிச்சம்பழத்தை நானும் கொண்டுபோனால் அப்புறம் நான் எதற்கு? யோசித்தேன். அன்றைக்கு அவர்கள் சாமி குழந்தையாகப் பிறந்த நாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் விறகு போடும் வீடுகளில், கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து உள்ளே வரை அரிசி மாவில் குட்டிப் பாதம் போட்டிருப்பார்கள். குழந்தைச் சாமி வீட்டுக்குள் நடந்து வருகிறதாம். இந்த மரியாதையைத் துரைக்கு இதுவரை எவன் செய்திருக்கிறான்?

விடியுமுன் செண்பகத்தோப்பு பங்களா வாசலில் வண்டியை நிறுத்தினேன். காவலாள் குறட்டையில் இருந்தான். மாவுக் கரைசலில் கையை மூடி முக்கி ஒரு குத்து; விரல் நுனியால் ஐந்து பொட்டு. வராந்தாவில் தொடங்கி, போட்டதை மிதிக்காமல் பின்னால் நகர்ந்து நகர்ந்து கேட்டு வரை வந்தேன். பிறகு ஓடைக்கு வண்டியை ஓட்டிப்போய்க் குளித்து, வெயில் ஏறியதும் மாலையோடு திரும்பினேன்.

வாசலில் கூட்டம். துரை கையில் துப்பாக்கி. துரைசாணி படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பட்லர் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"ஏலே மாடசாமி, சின்னத் துரையக் காணோம்லே. மூணு வயசுப் பிள்ளை. கேக்குக்கு வச்ச மாவுல கால வச்சிட்டு வெளிய நடந்திருக்கு. தடம் கெடக்கு பாரு."

பார்த்தேன். எல்லாம் என் கைவேலை. விரல்களை என் பக்கமாகவே வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்ததில் ஒரு பாதம்கூட வீட்டுக்குள் போகவில்லை. அத்தனையும் காட்டைப் பார்த்துப் போயின. முந்தின வாரம்தான் அந்தப் பக்கம் சிறுத்தை ஒரு கன்றை அடித்திருந்தது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். துப்பாக்கி கண்ணில் பட்டது. மூடிக்கொண்டேன். பாதம் பொய், சரி. பிள்ளை எங்கே?

ராவுத்தர் குனிந்து தரையை ஆராய்ந்தபடி வந்தார். "பிள்ளை காட்டுக்குப் போகலை. காலடி கேட்டோட நின்னுருச்சு. அங்கயிருந்து வண்டித் தடம் போகுது. எவனோ தூக்கிட்டுப் போயிருக்கான்."

"அவன் எலும்ப எண்ணிருவோம் ராவுத்தரே," என்றேன், எல்லாரையும்விடச் சத்தமாக. (என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போகும்.)

"எண்ணுவோம். ஒரு சக்கரத்துல பட்டா ஒடஞ்ச வண்டி," என்றவர் மெதுவாகத் திரும்பி என் வண்டியைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. துரை பார்த்தார். துப்பாக்கியும் திரும்பியது.

"நான் மாவு... சாமி உள்ள வாரதுக்கு..." என்று இழுத்தேன்.

"அது கெடக்கட்டும். ஒன் வண்டியில என்னலே அசையுது?" என்றார் பட்லர்.

வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு செம்பட்டைத் தலை எழும்பியது. வாய் நிறையக் கற்கண்டு; துரைக்கென்று நான் கட்டிவைத்திருந்தது. மாட்டு மணிச் சத்தம் கேட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து, நான் குனிந்து பாதம் போட்டுக்கொண்டிருந்தபோது வண்டியில் ஏறிப் படுத்துத் தூங்கியிருக்கிறது.

துரைசாணி பிள்ளையை அள்ளிக்கொண்டாள். அது மாடு வேண்டும் என்று கத்தியது. என் இரண்டு கையையும் இரண்டு காவலாட்கள் பிடித்திருக்க, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பட்லர் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். துரை நான் போட்ட மாவுப் பாதங்களைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"சாமி உள்ள வரணும்னா, ஏம்லே வெளிய தொரத்திவிட்ட மாதிரி போட்டிருக்கன்னு கேக்காவ," என்றார் பட்லர்.

பிடித்திருந்தவர்களையும் இழுத்துக்கொண்டு, பின்னால் நகர்ந்து நகர்ந்து போட்ட விதத்தைக் காட்டினேன். துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீர்ப்பையும் பட்லரே சொன்னார்: "ஒரு கும்பிடுக்கு இம்புட்டு மெனக்கெடுறவன் மூங்கிலப் பாதி வழியில போட்டுட்டுப் போகமாட்டானாம். குத்தகை ஒனக்கு. ஆனா கிறிஸ்மஸ் அன்னைக்கு ஒன் வண்டி ஒன் வாசல விட்டு அசையக் கூடாதாம்."

"தடத்தக் கண்டுபிடிச்சது நானு, குத்தகை இவனுக்கா," என்று முனகியபடி ராவுத்தர் தன் எலுமிச்சம்பழத்தை மடியில் கட்டிக்கொண்டார்.

துரை கப்பலேறிப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. உத்தரவை நான் மீறவில்லை. வருஷம் முழுக்க ரோட்டில் கிடக்கிற நான், பகலில் வீட்டில் இருப்பது அந்த ஒரு நாள்தான். கிறிஸ்மஸ் என்றால் அய்யா வீட்டில் இருக்கும் பண்டிகை என்றே என் பிள்ளைகள் நினைத்து வளர்ந்தார்கள். இப்போது எனக்கும் அதுதான் பண்டிகை.

மறுநாள் காலை வண்டி பூட்டியதும் என் வீட்டுக்காரி வாசலுக்கு வருவாள். "செத்த நேரம் நில்லுங்க. வைக்கோல ஒதறிப் பாத்துட்டுப் போங்க."

பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே உதறிப் பார்த்துவிடுவேன்.