பதினாலாவது 'வாங்க'

செல்வக்குமார் பேக்கிங் ஷெட்டுக்குள் காலை வைத்ததும், பொன்மணி கையிலிருந்த மத்தாப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"வாங்க மாப்பிள்ளே."

அன்று காலையில் இது பதினாலாவது 'வாங்க'.

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி அது. பதினோரு வருஷம் வெடிமருந்து சலித்த செல்வக்குமார், 2004 தீபாவளி சீசனுக்குத்தான் போர்மேன் ஆகியிருந்தான். ஆன அன்றே சட்டமும் போட்டான்: உட்கார்ந்தவர்கள் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை எழக் கூடாது. சனிக்கிழமை லோடு ஏறாவிட்டால் பழையபடி மருந்து ரூம்தான் என்று மேனேஜர் காசிராஜன் சொல்லியிருந்தார். அந்த ரூம் கொடுத்த இருமல் இன்னும் அவனை விடவில்லை.

'வாங்க'வுக்கு மேல் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அவர்களிடம் இல்லை. பக்கத்தில் இருந்த ரோஜாவிடம் சொன்னான்.

"ரோஜா, அவுகளை உக்காந்து வேலையப் பாக்கச் சொல்லு."

பொன்மணியும் ரோஜாவுக்கே பதில் சொன்னாள். "மாப்பிள்ளை நிக்கையில நான் எப்பிடித்தா உக்கார்றது? ஊரு சிரிக்காதா?"

மறுநாள் அவன் நுழைந்ததும் ஷெட்டிலிருந்த முப்பது பெண்களும் எழுந்து நின்றார்கள்.

"நீங்க எதுக்கு எந்திரிக்கீக?"

"ஒங்க மாமியாரே நிக்காக. நாங்க சம்மணம் போட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் ரோஜா.

வீட்டில் மனைவி ஞானசுந்தரியிடம், "ஒங்கம்மாகிட்ட நீயாச்சும் சொல்லேன்" என்றான். அவள் கண்ணைக் கசக்கினாள்.

"எங்கம்மா குடுக்கிற மரியாதை ஒங்களுக்குக் கசக்குதோ?"

மறுநாள் ஷெட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

உள்ளே போகாமல் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"ஏத்தா, சன்னல்ல நிக்காக!" என்று ஒருத்தி கத்தினாள்.

ஷெட்டே எழுந்து சன்னல் பக்கம் திரும்பியது. அடுக்கி வைத்த பெட்டிகள் சரிந்தன.

எட்டிப் பார்ப்பதையும் நிறுத்தினான். வெள்ளிக்கிழமை பார்த்தால், பச்சை மத்தாப்பெல்லாம் சிவப்பு லேபிள் பெட்டிக்குள் இருந்தது. லோடு நின்றுபோனது.

காசிராஜன் ஷெட்டுக்குள் வந்தார். ஒருத்தியும் அசையவில்லை. அவர் பின்னால் செல்வக்குமார் நுழைந்தான். முப்பது பேரும் எழுந்தார்கள்.

"வாங்க மாப்பிள்ளே."

காசிராஜன் முகம் கறுத்தது. "எனக்கு எந்திரிக்காதவளுக ஒனக்கு எந்திரிக்காளுக. நீதான் மொதலாளியோ? நாளைக்கு மருந்து ரூமுக்குப் போலே."

செல்வக்குமார் வெளியே வந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அழுகைதான் வந்தது. மரியாதை ஒரு மனுஷனை இப்படியா கெடுக்கும்? ரோஜா பின்னாலேயே வந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"அழாதத்தா. நீங்க குடுத்த மரியாதையே எனக்குப் போதும்" என்றான்.

"மரியாதையா? ஒங்க சட்டத்துக்கு எங்க இடுப்பு தாங்கலண்ணே. எந்திரிச்சு நிக்க ஒரு சாக்கு வேணும்னு ஒங்க மாமியாருதான் வழி சொன்னாக. ஆமா, நாளைக்கு வாற புது போர்மேனோட மாமியாருக்கு எந்த ஊரு?"