அங்கிக்குள் இருந்தது

கூடாரம் இருந்த இடத்தில் பனியில்லாத ஒரு வட்டம் மட்டும் மிச்சமிருந்தது. லுவ்சான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அதையே வெறித்துப் பார்த்தார்.

அந்த வட்டாரத்துக்கு ஒரே மருத்துவ உதவியாளர் அவர். கூடாரத்தோடு இடம் மாறி ஆடு மேய்க்கும் ஷாரவின் கைக்குழந்தைக்குத் தடுப்பூசியில் கடைசித் தவணை பாக்கி. பக்கத்துப் பள்ளத்தாக்கில் கக்குவான் இருமல் பரவத் தொடங்கியிருந்தது. மருந்து உறைந்தால் வீண். வெளியே நிற்கும் ஆளே உறைந்துவிடும் குளிர். அதனால் மருந்தை ஒரு பிளாஸ்கில் போட்டு, பிளாஸ்கை அங்கியின் மார்பு மடிப்புக்குள் செருகியிருந்தார்.

பக்கத்துக் கூடாரத்து கோம்போ வெளியே வந்தார்.

"காலையிலதான் மலைக்கு அந்தப் பக்கம் போனாங்க. உள்ள வாங்கண்ணே, டீ குடிக்கலாம். அங்கியக் கழட்டுங்க."

"கழட்ட முடியாதுப்பா."

கோம்போவின் பார்வை புடைத்திருந்த மார்பில் நின்றது. "ஓஹோ! ஷாரவுக்கா?"

"அவங்க வீட்டுக்கு மட்டுந்தான். நான் வரேன்னு ஒரு போன் போட்டுச் சொல்லு."

"குடுத்துவெச்சவன்!" என்றபடி கோம்போ சிக்னல் தேடி மேட்டில் ஏறினார்.

மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு வட்டம். சாம்பலில் சூடுகூட ஆறவில்லை.

ஊசிக்குப் பயந்துதான் ஓடுகிறார்கள் என்று முடிவு செய்தார் லுவ்சான். அங்கே சாணம் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஊசின்னு மட்டும் சொல்லிடாதம்மா. ஷாரவுக்கு நல்லது ஒண்ணு கொண்டு வரேன், ஒரு நிமிஷ வேலைதான்னு சொல்லு."

அவள் அவருடைய மார்பைப் பார்த்து முகம் சுளித்தாள். "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா?"

"இந்தக் குளிர்லயா? என்ன பண்றது, என் வேலையே இதானே!"

சாயங்காலம் ஆற்றங்கரையில் பிடித்துவிட்டார். ஒட்டகம் எழுந்திருக்க மறுத்ததால் பாதிக் கூடாரம் தரையிலேயே கிடந்தது. ஷாரவின் மனைவி ஹந்த்மா குழந்தையை அணைத்தபடி குறுக்கே நின்றாள்.

"கிட்ட வராதீங்க!"

"குழந்தைய நெனச்சுப் பாரும்மா!"

"அத நெனச்சுத்தான் ஓடிட்டிருக்கேன்!"

லுவ்சான் பேச்சை விட்டுவிட்டு பிளாஸ்கைத் திறந்தார். சின்னஞ்சிறு மருந்துக் குப்பி வெளியே வந்தது. ஹந்த்மா வாயைத் திறந்தவள் மூடவில்லை. பிறகு தானாகவே குழந்தையின் தொடையைக் காட்டினாள். குழந்தை ஆற்றங்கரையே அதிர அழுது, பால் கிடைத்ததும் ஓய்ந்தது. மூட்டைகள் இறங்கின. உப்புப் போட்ட சூடான டீ வந்தது. கடைசித் தவணையை முடித்துவிட்ட நிம்மதியில் லுவ்சான் இரண்டு கிண்ணம் குடித்தார்.

ஷாரவ் மட்டும் பிளாஸ்கை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

"ஏம்மா இப்படி ஓடினீங்க?" என்று ஹந்த்மாவிடம் கேட்டார் லுவ்சான்.

ஹந்த்மா சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்: "இவரு புதுவருஷத்துலேர்ந்து குடிக்கிறதில்லண்ணே. நீங்க அங்கிக்குள்ள சரக்குப் பாட்டில வெச்சுக்கிட்டு இவரத் தேடுறீங்கன்னு ஆளாளுக்குப் போன் போட்டுச் சொன்னாங்க!"